வாஷிங் மெஷின் போர்டில் ரெசின் ஊற்றுவது தரமா, அநியாயமா?

சாலிடர்மணி: "ரெசின் ஊற்றிய போர்டுதான் தரமான போர்டு" என்று ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். பார்த்ததும் பற்றிக்கொண்டு வருகிறது. ரெசின் என்பது போர்டை மூடி இறுகிவிடும் பிசின்; அதற்கு அடியில் மீட்டர் முனை போகாது. அளக்க முடியாத போர்டில் எந்தப் பாகம் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய டிவிகளில் சர்க்யூட் படத்தை உள்ளேயே ஒட்டி வைப்பார்கள், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் என்பது வரை.

ஈரோடு_டிசைனர்: ரெசின் இல்லையென்றால் ஈரம், எறும்பு, பல்லி எல்லாம் உள்ளே போகும். போர்டு ஷார்ட் ஆனால் அதற்கும் டிசைனரைத்தான் திட்டுவீர்கள்.

சாலிடர்மணி: ஈரத்துக்கு மெல்லிய அக்ரிலிக் கோட்டிங் போதும், வேண்டும்போது கரைத்து எடுக்கலாம். ரெசின்தான் வேண்டுமா? சரி, ஊற்றுங்கள். கிரவுண்ட், 5 வோல்ட், 12 வோல்ட் மூன்றையும் ஒரு கனெக்டரில் வெளியே விடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஈரோடு_டிசைனர்: எதற்கு? கோளாறை டிஸ்ப்ளேயில் காட்டும் எர்ரர் கோட் இருக்கிறதே.

சாலிடர்மணி: பவர் சப்ளை செத்தால் டிஸ்ப்ளேவே எரியாது. அப்புறம் எர்ரர் கோட் எங்கே தெரியும்? படித்தவர் பேசுகிற பேச்சா இது?

கோவை_கண்ணன்: ஹீட் கன் வைத்தால் ரெசினை உரிக்கலாமே அண்ணே.

சாலிடர்மணி: உரித்துப் பாருங்கள் தம்பி. போர்டின் மேற்பரப்பிலேயே சாலிடர் செய்த சின்ன சின்ன எஸ்எம்டி ரெசிஸ்டர்களும் கூடவே பெயர்ந்து வரும்.

நிலா_இ: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், விற்பனை நின்ற பிறகும் 10 ஆண்டுகளுக்கு வாஷிங் மெஷின் உதிரி பாகம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. மெக்கானிக்குகளுக்குப் போர்டும் கிடைக்கும்.

சாலிடர்மணி: முழுப் போர்டைக் கொடுத்தால் முழு விலையும் வாங்குவார்கள். ஒரு கெப்பாசிட்டருக்காக அதை ஏன் வாங்க வேண்டும்? அளக்க வழி விடச் சொல்கிறேன்.

ஈரோடு_டிசைனர்: பல போர்டுகளில் அந்த 5 வோல்ட்டே மெயின்ஸோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. வெளியே விட்டால் தொட்டவனுக்கு ஷாக். இது தெரியாமல் டிசைன் சொல்லித் தர வந்துவிட்டீர்கள்.

சாலிடர்மணி: மோட்டார் கனெக்டரில் 230 வோல்ட் வெளியேதானே வருகிறது? அதற்கு மூடி போடத் தெரிந்தவர்களுக்கு இதற்குத் தெரியாதா?

ஈரோடு_டிசைனர்: சோலார் இன்வெர்ட்டர் பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான் அடம் பிடித்தீர்கள். சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்பெட்டை நீங்களே எரித்துவிட்டு டிசைன் தப்பு என்றீர்கள்.

சாலிடர்மணி: எரிந்தது மாஸ்பெட் இல்லை, அதை இயக்கும் கேட் டிரைவர் சிப். படம் போட்டிருந்தேன். திரித்துப் பேச வேண்டாம்.

கோவை_கண்ணன்: கேட் டிரைவர் தானாக எரியாது அண்ணே.

சாலிடர்மணி: தம்பி, அந்தத் திரியில் நீங்கள் இல்லவே இல்லை. டிசைனர் சார், மூன்றே மூன்று ஒயர். ஏன் முடியாது?

ஈரோடு_டிசைனர்: முதலில் கேட் டிரைவருக்குப் பதில் சொல்லுங்கள்.