வீடு விற்க முன்னம் என்னென்ன செய்தீர்கள்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் இருக்க ஆளில்லை. தங்கச்சி கனடாவில், நான் திருகோணமலையில். விற்பது என்று முடிவானதும் எல்லாரும் சொன்னது, "பெயின்ற் அடியுங்கோ, நல்ல விலை போகும்". பக்கத்து வீட்டு மாமா மட்டும், "பிள்ளை, முதல்ல காணி உறுதிய எடுத்துப் பார்" என்றார். அவர் சொன்னபடி தொடங்கியதால்தான் எங்கள் வேலை இழுபடாமல் முடிந்தது.

நம்ம பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே சீதனமாகப் போகும். அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா தங்கச்சியின் கலியாணத்தில் தனக்குச் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு அவள் பெயருக்கு எழுதினார். அதனால் அம்மாவின் மரண அத்தாட்சிப் பத்திரமும் உறுதியோடு சேர்ந்து போக வேண்டும். சீவிய உரித்துள்ளவர் உயிரோடு இருந்தால் அவரும் வந்து கையெழுத்து வைக்க வேண்டியிருக்கும். பல வீடுகளில் இது கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வருகிறது.

தங்கச்சி வர முடியாததால் தனக்குப் பதிலாக நான் செய்யலாம் என்று என் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி, அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பினாள். உறுதி எழுதும் எங்கள் நொத்தாரிசு ஐயா வாசகத்தைத் தானே எழுதிக் கொடுத்தார். விற்க, உறுதியில் கையொப்பமிட, பணத்தைப் பெற என்று ஒவ்வொன்றும் தனித்தனியே அதில் இருக்க வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. காணியைப் பராமரிக்க என்று பொதுவாக எழுதிய பத்திரத்தை வைத்து விற்க முடியாது.

வாங்குகிறவர் வங்கிக் கடன் எடுப்பவராக இருந்தால் வங்கியின் சட்டத்தரணி 30 வருட உரித்தை, அதாவது காணி யார் யாரிடம் கைமாறி வந்தது என்பதைக் கேட்பார். காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியை நாங்களே முதலில் எடுத்துவிட்டோம். நில அளவையாளரையும் கூப்பிட்டோம். பழைய வரைபடத்தில் இருந்த எல்லைக்கும் இப்போதைய மதிலுக்கும் தெற்குப் பக்கம் கொஞ்சம் வித்தியாசம். பக்கத்து வளவுக்காரரைக் கூட்டி வைத்துப் பேசி, புது வரைபடம் கீறி எடுத்தோம். மாநகர சபையில் ஆதன வரி நிலுவையைக் கட்டி, வீதி எல்லைச் சான்றிதழும் கையில் வந்த பிறகுதான் மேசனைக் கூப்பிட்டேன்.

கடற்காற்று கொங்கிறீட்டை என்ன செய்யும் என்று கல்லடி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன் விறாந்தையின் கொங்கிறீட் தட்டுக்குக் கீழே செம்மஞ்சளாய் ஒரு கறை, அதன் நடுவில் மயிரிழை போல வெடிப்பு. மேசன் சுத்தியலால் மெல்லத் தட்டினார். சத்தம் கோறையாகக் கேட்டது. உளி வைத்ததும் பூச்சு பாளமாக விழுந்து, உள்ளே கம்பி தகடு தகடாக உரிந்து நின்றது. துருப்பிடித்த கம்பி பருத்துச் சுற்றியுள்ள கொங்கிறீட்டைத் தள்ளும், அதுதான் வெடிப்பு. "மேலால பூசி வெள்ளை அடிச்சா ஒரு மாரிக்குத் தாங்கும் அக்கா" என்றார் அவர். வேண்டாம் என்றேன். நாளைக்கு அந்த விறாந்தையில் ஒரு குழந்தை விளையாடும். பழுதான இடமெல்லாம் கொத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, புதுக் கம்பி கட்டித்தான் திரும்பப் பூசினோம். செலவு கூடத்தான். ஆனால் பார்க்க வந்தவர்களிடம் வேலை நடந்தபோது எடுத்த படங்களை நேரே காட்டினேன், யாரும் விலையைப் பிடித்து இறக்கவில்லை.

பெயின்ற் மாசிக்குப் பிறகு. மாரி ஈரம் சுவரை விட்டுப் போக முன்னம் அடித்தால் கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்பும்.

அப்புறம் கிணறு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணல். நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலே ஒரு படையாகத்தான் நிற்கிறது. மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் உவர் ஏறும். அதனால் சருகு, பாசியை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து, கிணற்றுக் கட்டைப் பூசி, மூடி போட்டோம். கடைசியில் வாங்கிய குடும்பத்து அம்மா வந்ததும் வராததுமாகக் கிணற்றடிக்குத்தான் போனார். வாளியில் அள்ளி ஒரு வாய் குடித்தார். பிறகு சவர்க்காரம் கேட்டு வாங்கிக் கையில் தேய்த்து, நுரை எழும்புகிறதா என்று பார்த்தார். அறைகளை அதற்குப் பிறகுதான் எட்டிப் பார்த்தார்.

மருதமுனையிலிருந்து:

கல்லடி அக்கா உறுதியை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். எங்களிடம் எடுக்க உறுதியே இல்லை. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது உம்மாவின் அலுமாரியோடு போய்விட்டது. எங்கள் ஊரில் இப்படி எத்தனையோ வீடு.

உறுதி போனால் காணி போனது என்று பயப்பட வேண்டாம். நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது அதன் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போய்விடும். எங்களுடையது கல்முனைப் பதிவகத்தில் கிடைத்தது. உறுதி இலக்கம் தெரியாது; நொத்தாரிசின் பெயரும் எழுதிய வருடமும் உம்மாவுக்கு ஞாபகம் இருந்தது, அதை வைத்துத் தேடி எடுத்தோம். அத்தாட்சிப்படுத்திய பிரதியை வைத்தே விற்பனை முடிந்தது. ஆட்களிடம் விளம்பரம் சொல்ல முன்னம் இந்தப் பிரதியை எடுத்து வையுங்கள், வாங்க வந்தவர் காத்துக்கொண்டு இருக்க மாட்டார்.

கடலோர வளவு என்றால் இன்னொன்றும் கேட்பார்கள். சுனாமிக்குப் பிறகு நம்ம பக்கம் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அறிவித்துப் பிறகு தளர்த்தினார்கள். அந்தப் பயம் இன்னும் சனத்துக்குப் போகவில்லை. கரையோரம் பேணல் திணைக்கள அனுமதியோடு கட்டிய வீடு என்றால் அந்தக் கடிதத்தையும் கோப்பில் சேர்த்து வையுங்கள். எங்கள் நானா அதைப் பத்திரமாக வைத்திருந்தது பெரிய உதவி.

நாவிதன்வெளியிலிருந்து:

எங்களது உறுதிக் காணி இல்லை, அரசாங்கம் கொடுத்த அளிப்புக் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. பேமிற் (அனுமதிப் பத்திரம்) மட்டும் இருக்கிற காணியை இப்படி விற்கவே வழியில்லை. அனுமதி கைக்கு வரும்வரை ஒரு சதம் முற்பணம் வாங்காதீர்கள். நல்ல மனுசரோடு வீண் மனவருத்தம் வரும்.

2011 ஜனவரி வெள்ளம் எங்கள் பின்னறைச் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போனது. தரகர் முதலில் அதை மறைக்கச் சொன்னார். அப்பா விடவில்லை. வந்தவர்களுக்கு, "இது மட்டும் ஏறினது, இவ்வளவு நாள் நின்றது" என்று கையால் தொட்டுக் காட்டினார். ஒழுங்கையில் கேட்டால் யாரும் சொல்லத்தானே போகிறார்கள்.

கல்லடியிலிருந்து மீண்டும்:

முற்பணத்தைச் சொன்னது நல்லது. ஒன்று விட்டுப்போனது. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். வழக்கத்தில் வாங்குகிறவர்தான் கட்டுவார். அதனால் உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்பார்கள். எங்களிடமும் ஒருவர் கேட்டார், நாங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்குக் காசை அனுப்பப் போகும்போது வங்கி உறுதியில் உள்ள தொகையைத்தான் பார்க்கும். மிச்சக் காசு எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரிடம் போய்ச் சொல்வது?