ஹெர்ஷ்பெர்கர் சோதனை: புராஸ்டேட் எடை ஒத்து வரவில்லை

கொசு ஸ்பிரேயில் இருக்கும் பெர்மெத்ரின் ஆண் ஹார்மோனைத் தடுக்கிறதா என்று ஹெர்ஷ்பெர்கர் சோதனையில் (விதை நீக்கிய எலிக்கு ஆண் ஹார்மோன் கொடுத்து, அதனால் வளரும் உறுப்புகளை எடைபோடும் சோதனை) பார்க்கிறோம். பெர்மெத்ரின் கொடுக்காத குழுவிலேயே வென்ட்ரல் புராஸ்டேட் (புராஸ்டேட் சுரப்பியின் வயிற்றுப்பக்க மடல்) எடை எலிக்கு எலி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேறுபடுகிறது. விந்துப்பை எடையில் இந்தச் சிதறல் இல்லை.

விஸ்டார் எலி, குழுவுக்கு 6. பிறந்த 42ஆம் நாள் விதை நீக்கி, 10 நாள் இடைவெளி. பிறகு டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியோனேட் (ஆண் ஹார்மோன்) கிலோவுக்கு 0.4 மி.கி. தோலடியில், ஒப்பீட்டுக்கு ஃபுளூட்டமைடு (ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து) 3 மி.கி., பெர்மெத்ரின் இரண்டும் சோள எண்ணெயில், வாய்க்குழாய் வழியாக, 10 நாள். கடைசி டோஸுக்கு 24 மணி நேரம் கழித்து உடற்கூறாய்வு.

ஒரே ஆளை அறுக்கவைத்தோம், மூடிய தட்டில் உடனே எடைபோட்டோம், தொடக்க எடையைச் சமன்படுத்திக் குழு பிரித்தோம். பலனில்லை. ஒட்டிய கொழுப்பைப் பிரிக்கும்போது சுரப்பி கிழிந்து நீர் கசிவதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

எல்லாக் குழுவிலும் புராஸ்டேட்டைச் சிறுநீர்ப்பையோடு சேர்த்தெடுத்து, 24 மணி நேரம் ஃபார்மலினில் (திசுவைக் கெட்டிப்படுத்தும் திரவம்) வைத்த பிறகு பிரித்தால் சிதறல் குறையுமா?