முதல் சொல்லை மட்டும் நம்பாதீர்கள்: ஆங்கிலத்தில் மூடிய கேள்வி, திறந்த கேள்வி

பதிவு 1
டூ, டிட், இஸ், ஹேவ், கேன் என்று தொடங்கினால் மூடிய கேள்வி, அதாவது ஆம்-இல்லை என்றோ ஓரிரு சொல்லிலோ பதில் முடிந்துவிடும். வாட், ஒய், ஹவ் என்றால் திறந்தது, அதாவது விரித்துப் பதில் சொல்ல வைப்பது. மாணவர்கள் இப்படித்தான் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். தொடக்கத்துக்கு அது உதவும், ஆனால் சீக்கிரமே காலை வாரும். "வாட் டைம் இஸ் இட்?" என்பதற்கு ஒரே விடைதான். "குட் யூ டெல் மீ அபவுட் யுவர் ஒர்க்?" வடிவத்தில் ஆம்-இல்லைக் கேள்வி, ஆனால் "எஸ்" என்று நிறுத்தினால் கேட்டவர் விழிப்பார். பதில் சொல்பவருக்கு எவ்வளவு இடம் விடுகிறது என்று பார்த்தே வகை பிரிக்க வேண்டும்.

பதிவு 2
வாக்கிய அமைப்பில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் 'வந்தாய்' என்பதோடு 'ஆ' சேர்த்தால் கேள்வி முடிந்தது, சொல்வரிசை அசையாது. அதே பழக்கத்தில் "வேர் யூ ஆர் கோயிங்?" வருகிறது. துணைவினை எழுவாய்க்கு முன்னால் போக வேண்டும்: "வேர் ஆர் யூ கோயிங்?" அடுத்தது "டிட் யூ வென்ட்?" இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துவிட்டது, எனவே 'கோ' போதும். யார் செய்தார் என்று கேட்கும்போது 'டிட்' வேண்டாம்: "ஹூ கால்ட் யூ?" யாரை அழைத்தாய் என்றால் "ஹூ டிட் யூ கால்?"

பதிவு 3
எதிர்மறை மூடிய கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "டோன்ட் யூ லைக் இட்?" என்றால் தமிழ் மனம் "ஆமாம், பிடிக்காது" என்று சொல்லும். ஆங்கிலத்தில் பிடிக்காவிட்டால் "நோ, ஐ டோன்ட்". பிடித்தால் "எஸ், ஐ டூ". இங்கே வெறும் "எஸ்" அர்த்தத்தையே புரட்டிவிடும்.

பதிவு 4
நேர்காணல் எடுப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்: திறந்த கேள்வியைக் கேட்ட கையோடு நாமே அதை மூடிவிடுகிறோம். "ஹவ் வாஸ் த கோர்ஸ்? வாஸ் இட் யூஸ்ஃபுல்?" இரண்டாவதற்கு "எஸ்" வரும், முதலாவது செத்துவிடும். முதல் கேள்வியோடு நிறுத்துங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குச் சுமார் 1 விநாடியே காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன. 'ஒய்' மட்டும் கவனம். "ஒய் டிட் யூ லீவ்?" குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும், "வாட் மேட் யூ டிசைட் டு லீவ்?" என்றால் ஆள் தயங்காமல் பேசுவார். விவரம் வந்தபின் தேதி, எண்ணிக்கையை உறுதிசெய்ய மூடிய கேள்விக்கு வாருங்கள்.