ஆல்டிஸில் விஷ் அப்சார்பர் போட்ட பிறகு முன்பக்கம் சத்தம், உதவி தேவை

ஈசூன்_ஆல்டிஸ்
வணக்கம். என் வண்டி 2007 டொயோட்டா கொரோலா ஆல்டிஸ், சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமம்) பத்து வருடத்துக்குப் புதுப்பித்தது. அப்பா அம்மாவோடு ஐந்து பேர் ஏறி, பூட்டில் சாமானும் வைத்து மலாக்கா கிளம்பினால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். மாடிக் கார் பார்க் ஹம்ப் எல்லாவற்றிலும் அடிவயிறு உரசல்.

நண்பர் ஒருவருக்கு ஜேபியில் (ஜோகூர் பாரு) உதிரிக்காகப் பிரித்த முதல் தலைமுறை டொயோட்டா விஷ் கிடைத்தது. அதிலிருந்து நாலு அப்சார்பரையும் ஸ்பிரிங்கோடு வாங்கி, இங்கே ஒரு வொர்க்ஷாப்பில் மாட்டினேன். போல்ட் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. பின்பக்கம் இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் முன்னால் இடது பக்கம் 'டக்' என்று சத்தம். மூக்கும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நேர் ரோட்டில் வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. வொர்க்ஷாப்பில் கேட்டால் "பழைய சாமான், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். என்ன பார்க்கலாம்?

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்
தம்பி, அந்த விஷ் உங்கள் ஆல்டிஸின் அடித்தளத்தில் செய்த வண்டிதான். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாக நிற்கும் அமைப்பு), 1.8 லிட்டர் மாடலில் பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை உத்திரம்). அதனால் ஓட்டைகள் ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது ஏழு பேர் உட்காரும் வண்டி, உங்களுடையதைவிட நூறு கிலோவுக்கு மேல் கனம். அந்தக் கனத்துக்குச் செய்த ஸ்பிரிங்கை இதில் போட்டால் அமுங்காது. மூக்கு தூக்குவது அதனால்தான்.

சத்தம் எப்போது வருகிறது? சின்னக் குலுங்கலிலா, பெரிய ஹம்ப்பிலா, நின்றபடி ஸ்டியரிங் திருப்பும்போதா? இதைச் சொல்லாமல் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்நுனியை பாடியோடு பிடிக்கும் ரப்பர் பாகம்) விஷ்ஷுடையதா உங்கள் பழையதா?

பொங்கோல்_புதுசு
எனக்கு என்னவோ ஸ்டேபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு) மாதிரித் தெரிகிறது ப்ரோ. இந்த வண்டியில் லிங்க் ஸ்ட்ரட் மேலேயே மாட்டியிருக்கும், கழற்றி மாட்டும்போது பால் ஜாயின்ட் தளர்ந்திருக்கலாம். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, எதிலும் படாமல் கேபிள் டையால் கட்டிவிட்டு, கார் பார்க்குக்குள் மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அதுதான். கழற்றும்போது நட்டோடு தண்டும் சுற்றும், நடுவில் ஆலன் சாவி கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்_ஆல்டிஸ்
லிங்க்கைக் கழற்றிப் பார்த்தேன், சத்தம் அப்படியே இருக்கிறது. நின்றபடி ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் 'டொய்ங்' என்று கம்பி தெறிப்பது போல ஒரு ஒலி, பிறகு ஒரு 'டக்'. ஹம்ப் இறங்கும்போதும் வருகிறது. டாப் மவுண்ட் என் பழையதுதான் அண்ணே. விஷ்ஷுடையதில் ரப்பர் கிழிந்திருந்ததாம், அதனால் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்
அப்படிச் சொல்லுங்கள். டாப் மவுண்ட் பேரிங்கையும் ஸ்பிரிங் உட்காரும் இடத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்து, வீட்டில் ஒருவரை மெதுவாக ஸ்டியரிங் திருப்பச் சொல்லுங்கள். சக்கரத்தின் மேல்பக்கமாகத் தெரியும் ஸ்பிரிங்கைக் கண்ணால் மட்டும் பாருங்கள், விரலை உள்ளே விடவேண்டாம். சக்கரத்தோடு ஸ்பிரிங் சீராகத் திரும்ப வேண்டும். கொஞ்சம் பிடித்துக்கொண்டு, பிறகு தெறித்தால் பேரிங் சிக்குகிறது, இல்லை ஸ்பிரிங் நுனி தன் படியில் உட்காரவில்லை.

அடுத்து, வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டும் வைத்த பிறகு ஸ்பிரிங் உட்காரும் கீழ்த்தட்டைப் பாருங்கள். அதில் ஒரு சின்னப் படி இருக்கும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அதை முட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இடைவெளி இருந்தால் சத்தத்துக்கு அதுவே போதும்.

சரிசெய்வதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெசர் வழுக்கினால் கை போகும். இது கடைக்காரர் வேலை.

ஜூரோங்_அங்கிள்
சத்தத்தை அவர் பார்த்துக்கொள்வார். நான் வேறு ஒன்று சொல்கிறேன். பத்து வருடம் தாண்டிய வண்டி, ஆண்டுக்கு ஒரு முறை இன்ஸ்பெக்‌ஷன். அங்கே சைட் ஸ்லிப் (சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு நழுவுகிறது) பார்ப்பார்கள், ஹெட்லைட் பார்ப்பார்கள், அடியிலும் குனிந்து பார்ப்பார்கள். மூக்கு தூக்கிய வண்டியின் வெளிச்சம் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். உயரத்தை மாற்றிவிட்டு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம் சரிபார்ப்பது) செய்யாமல் ஓட்டினால் டயரும் ஒரு ஓரமாகத் தேயும், அந்த இழுப்புக்கும் முதல் சந்தேகம் அதுதான். மாற்றத்துக்கு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி தேவையா என்பதை அவர்களுடைய ஒன்மோட்டாரிங் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், வொர்க்ஷாப் வாய்ப்பேச்சை நம்பவேண்டாம்.

ஈசூன்_ஆல்டிஸ்
வேறு கடையில் இறக்கிப் பார்த்தாயிற்று. இடது ஸ்பிரிங் நுனி படியிலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்றது. தட்டில் அது உரசிய இடத்தில் பெயிண்ட் போய் வெறும் இரும்பு பளபளக்கிறது. டாப் மவுண்ட் பேரிங்கும் கையால் சுற்றினால் மணல் போட்ட மாதிரி கரகரக்கிறது. விஷ் ஸ்பிரிங்கையே சரியாக உட்காரவைத்து, புது மவுண்ட் போட்டு மாட்டலாமா அண்ணே?

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்
சத்தம் போகும், மூக்கு இறங்காது. உங்களுக்குப் பாரம் ஏறுவது பின்னால்தானே? முன்னால் ஆல்டிஸின் சொந்த ஸ்பிரிங், ஆல்டிஸ் அப்சார்பர், இரண்டு பக்கமும் புது மவுண்ட், பேரிங். பின்னால் விஷ் செட் இருக்கட்டும், ஆனால் ஆள் இல்லாதபோது பின்பக்கம் குதிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போதுதான் இறுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதன் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். கடைசியில் அலைன்மென்ட். முன்னால் டோவை (சக்கரங்கள் உள்ளே வெளியே பார்க்கும் கோணம்) திருத்தலாம். பின்பக்கம் டார்ஷன் பீமில் திருப்ப ஒன்றும் கிடையாது, ஆனாலும் அளவை பிரிண்ட் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈசூன்_ஆல்டிஸ்
பழைய முன் ஸ்பிரிங் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. சனிக்கிழமைக்குக் கடையில் சொல்லிவிட்டேன். விஷ் முன் செட் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், இடது தட்டில் பெயிண்ட் கிடையாது.