குட்டை நிறைய ஜிலேபி, ஒன்றுகூட வளரவில்லை

குட்டைக்காரன்:
பத்து சென்ட் பண்ணைக்குட்டை, இடுப்பளவு தண்ணீர். போன வருடம் மாசியில் 250 ஜிலேபிக் குஞ்சு விட்டேன். ஐப்பசியில் 190 மீன் கிடைத்தது, மொத்தம் 47 கிலோ. இந்த வருடம் குஞ்சே விடவில்லை, ஆனால் வலை கொள்ளாத மீன். ஒன்றுகூட உள்ளங்கையைத் தாண்டவில்லை! தவிடும் கடலைப் புண்ணாக்கும் இரண்டு பங்காகப் போட்டுப் பார்த்துவிட்டேன். இத்தனை பொடி மீனிலும் சினை இருக்கிறது. குஞ்சு கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா?

மாட்டுவண்டி:
விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதா? அப்படியானால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. முதலில் அதைப் பாருங்கள்.

கரைமேடு:
குஞ்சு கொடுத்தவரைத் திட்டாதீர்கள். நானும் ஒரு வருடம் திட்டிக்கொண்டிருந்தவன்தான். ஜிலேபி இரண்டு மூன்று மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். தாய் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும், குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து என்றால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். சாவு குறைவு. நெரிசலானால் வளர்ச்சியை விட்டுவிட்டு, இருக்கிற சின்ன உடம்பிலேயே சினை பிடிக்கும். 1952-ல் இந்த மீனை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெருகிய வேகத்தைப் பார்த்து 1959-லேயே பரப்ப வேண்டாம் என்று தடை போட்டார்கள். அதற்குள் குளமெல்லாம் ஜிலேபி.

வெயில் ஏறியதும் கரையில் உட்கார்ந்து பாருங்கள். ஆழமில்லாத இடத்தில் தட்டுத் தட்டாகக் குழி தெரியும். குழிக்கு ஒரு கறுத்த ஆண் காவல். பக்கத்துக் குழிக்காரனை விரட்டிக்கொண்டே இருப்பதால், குழிகள் அளந்து வெட்டியது போல இடைவெளி விட்டிருக்கும். பொடிசுகளோ புல்லோரம் கொத்துக் கொத்தாகத் திரியும். அதனால் ஒரே மூலையில் வலை வீசி எண்ணிக்கை சொல்ல முடியாது. நாலு மூலையிலும் நடுவிலும் வீசி 100 மீன் பிடித்து, வால் நுனியைத் துளி கத்தரித்து விடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே மாதிரி வீசி, எத்தனைக்கு எத்தனை என்று சொல்லுங்கள்.

குட்டைக்காரன்:
ஒன்பதாம் நாள் வீசினேன். 120 மீன், அதில் வால் கத்தரித்தது 6. சராசரி எடை 25 கிராம்.

கரைமேடு:
சரி, 120-ல் 6 என்றால் இருபதில் ஒன்று. நீங்கள் வால் கத்தரித்த 100-ம் குட்டையில் இருபதில் ஒரு பங்கு என்று அர்த்தம். 100-ஐ 120-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 2,000 மீன். 25 கிராம் வீதம் 50 கிலோ. (வலைக்கண்ணில் நழுவிய பொடிசு இதில் சேரவில்லை.) போன வருடம் எடுத்ததும் 47 கிலோதானே? குட்டை தாங்கும் எடை ஏறக்குறைய அதேதான், பங்கு கேட்கும் வாய் மட்டும் பத்து மடங்கு. பாடப்புத்தகத்தில் தாங்குதிறன் என்பார்கள். தீவனத்தை இன்னும் கொட்டினால் அது அழுகி, மாட்டுவண்டி சொன்ன கதை நிஜமாகவே நடக்கும்.

கோடையில் குட்டையை வற்றவைத்து, சேறு வெடிக்கும்வரை காயவிடுங்கள். சேற்றுக்குழியில் பத்து மீன் தப்பினாலும் போதும், மறுபடி இதே கூட்டம். உங்களுக்குப் போன ஐப்பசியில் நடந்தது அதுதான். அப்புறம் அனுமதி பெற்ற பண்ணையில் ஆண் குஞ்சு மட்டும் வாங்கி விடுங்கள். இல்லையென்றால், ஜிலேபி ஓரளவு தேறியதும் கொஞ்சம் விரால் குஞ்சு விடுங்கள். பெரிசைத் தொட முடியாது, பொடிசைத் தின்றுவிடும்.

குட்டைக்காரன்:
விரால் என்றதும் வீட்டில் ஒரே குஷி. ஆனால் இப்போது இருக்கிற 50 கிலோவை என்ன செய்ய?

மாட்டுவண்டி:
கருவாடு.