ஆள் மாறினாலும் அது அதே ஜேம்ஸ் பாண்ட் தானா? தம்பி கேட்டதுக்கு பதில் தெரியல

இரவுக்காட்சி:

மக்களே ஒரு சந்தேகம், பாண்ட் படம் பூரா கரைச்சு குடிச்சவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்கன்னுதான் கேக்கறேன். நானும் என் தம்பியும் 1962 டாக்டர் நோல ஆரம்பிச்சு வரிசையா ஒண்ணு விடாம பார்த்துட்டு வரோம். அவன் சின்னப் பையன், அவனைப் பொறுத்தவரை பாண்ட்னா டேனியல் கிரெய்க் மட்டும்தான். ஷான் கானரியை ரெண்டே படத்துல ஏத்துக்கிட்டான். 1969 ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ் போட்டதும் "இது யாருண்ணா"ன்னான், ஜார்ஜ் லேசன்பி, இந்த ஒரே படத்தோட போயிட்டார்னு சொன்னேன், அரைமணி நேரம் முணுமுணுத்துக்கிட்டே பார்த்தான். ஆனா கடைசில கல்யாணம் முடிஞ்சு கார்ல போகும்போது புது மனைவி டிரேசியை சுட்டுடறாங்கல்ல, அந்த குண்டு துளைச்ச கண்ணாடியைக் காட்டி படத்தை முடிச்சதும் அவன் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

மறுநாள் 1971 டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர். கானரி திரும்ப வந்துட்டார். ஆரம்பத்துல டிரேசி சாவுக்குக் காரணமான வில்லன் ப்ளோஃபெல்டைத் தேடி ஆள் ஆளா போட்டு அடிக்கறார், சரி பழிவாங்கத்தான் போறார்னு நிமிர்ந்து உக்காந்தோம், படம் முடியற வரைக்கும் டிரேசி பேரை ஒருத்தர் எடுக்கல. அப்போதான் தம்பி கேட்டான், "இவருக்கு பொண்டாட்டி செத்தது தெரியுமா தெரியாதா?"

எனக்கு பதில் வரல. ஆறு பேர் நடிச்சிருக்காங்க, ஆறும் ஒரே மனுஷனா, இல்ல ஒவ்வொருத்தரும் வேற வேறயா? அப்படியே இன்னொண்ணும் சொல்லுங்க, எந்த ஆள் மாற்றம் சரியா நடந்துச்சு, யாருக்கு அநியாயம் நடந்துச்சு? அடுத்த படத்துக்கு டெனிஸ் வில்நெவ் தான் டைரக்டர்னு 2025 ஜூன்ல அறிவிச்சதுல இருந்து எனக்கு இதே யோசனைதான்.

பழைய ரீல்:

தம்பிக்கு என் சார்புல ஒரு கை குலுக்கல் கொடுங்க, சரியான இடத்துல கை வெச்சிருக்கான்.

என் பதில், ஒரே மனுஷன்தான். அதே லேசன்பி படத்துல ராஜினாமா கொடுத்துட்டு வந்து மேஜை டிராயரை காலி பண்ற சீன் இருக்கு, திரும்ப ஒரு தடவை போட்டுப் பாருங்க. முதல்ல டாக்டர் நோல நாயகி ஹனி ரைடர் இடுப்புல கட்டியிருந்த கத்தி பெல்ட்டை எடுப்பார். அடுத்து ஃப்ரம் ரஷ்யா வித் லவ்ல வில்லன் ரெட் கிராண்ட் கழுத்தை நெரிக்க வயர் ஒளிச்சு வெச்சிருந்த வாட்ச். அப்புறம் தண்டர்பால்ல தண்ணிக்கடியில மூச்சு விட வெச்சிருந்த அந்த குட்டிக் கருவி. ஒவ்வொண்ணை எடுக்கும்போதும் அந்தந்த படத்தோட மியூசிக் லேசா வரும். கானரி தொட்ட பொருளை புது ஆள் கையில கொடுத்து, இதெல்லாம் உன்னோடதுதான்னு சொல்ற மாதிரி. அதை எடுத்த பீட்டர் ஹன்ட் அதுக்கு முன்னாடி கானரி படங்களுக்கு எடிட்டரா இருந்தவர், எதை எங்க ஒட்டணும்னு அவருக்குத் தெரியும்.

டிரேசி விஷயத்துக்கு வரேன். டயமண்ட்ஸ்ல விட்டாங்கதான், அது பெரிய தப்பு, அதை நான் மன்னிக்கவே மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் விடல. 1977 த ஸ்பை ஹூ லவ்ட் மில ரஷ்ய ஏஜென்ட் பொண்ணு பாண்டோட கதையை ஒவ்வொண்ணா சொல்லிட்டு வருவா, மனைவி கொல்லப்பட்டதுன்னு ஆரம்பிச்சதும் ரோஜர் மூர் முகம் மாறும், அங்கேயே பேச்சை வெட்டிடுவார். எப்பவும் புருவத்தைத் தூக்கி ஜாலியா திரியற மனுஷன் அந்த ரெண்டு செகண்ட்ல வேற ஆளா தெரிவார். 1981 ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி ஆரம்பமே டிரேசி கல்லறைல பூ வெக்கறதுதான். மூர் நடிக்கறது உறுதியாகாத நேரம் அது, புது ஆள் வந்தா ஜனங்க சட்டுன்னு ஒட்டிக்கணும்னுதான் அந்த சீனை யோசிச்சாங்கன்னு சொல்வாங்க. ஒருத்தர் காதலிச்சு கல்யாணம் பண்ணார், வேற ஒருத்தர் போய் பூ வெச்சார்.

அடுத்து வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1989 லைசென்ஸ் டு கில்ல பாண்ட் திமோதி டால்டன், நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டர் கல்யாணம். கல்யாணப் பொண்ணு விளையாட்டா பாண்டைப் பார்த்து அடுத்து உன் முறைதான்ங்கற மாதிரி சொல்வா, அவர் மூஞ்சி வாடி கிளம்பிடுவார். அவருக்கும் ஒரு தடவை கல்யாணம் ஆச்சு, ரொம்ப நாள் முன்னாடின்னு ஃபீலிக்ஸ் அவகிட்ட சொல்வான். அந்த ஃபீலிக்ஸா நடிச்சவர் டேவிட் ஹெடிசன். 1973ல மூரோட முதல் படம் லிவ் அண்ட் லெட் டைலயும் அவர்தான் ஃபீலிக்ஸ்! பாண்ட் மாறிட்டார், நண்பன் மாறல, அந்த நண்பன் வாயால லேசன்பியோட சோகம் டால்டனுக்கு வருது. இதை விட என்ன வேணும்?

ஞாயிறு ஷோ:

பழைய ரீல் அண்ணே நீங்க எழுதினதைப் படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். இதே லேசன்பி படத்துல ப்ளோஃபெல்டும் பாண்டும் நேருக்கு நேர் சந்திக்கறாங்க, ப்ளோஃபெல்டுக்கு இவரை அடையாளமே தெரியல. 1967 யூ ஒன்லி லிவ் ட்வைஸ்ல ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தவங்கதானே. ப்ளோஃபெல்டாவது ஒரே ஆளா? 67ல டொனால்ட் பிளசென்ஸ், 69ல டெலி சவாலஸ், 71ல சார்ல்ஸ் கிரே, மூணு படம் மூணு மூஞ்சி. அதுலயும் சார்ல்ஸ் கிரே 67 படத்துல பாண்டுக்கு உதவி பண்ற ஹெண்டர்சனா வந்து செத்துப் போனவர். அந்தக் காலத்துல தொடர்ச்சியைப் பத்தி ரொம்ப கவலைப்படல, அதுதான் நிஜம்.

எனக்கு ஆள் மாற்றம்னா கேசினோ ராயல்தான். 2005 அக்டோபர்ல கிரெய்க்கை லண்டன்ல தேம்ஸ் நதியில படகுல கூட்டிட்டு வந்து காட்டினாங்க, லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு வந்தார்னு பத்திரிகைகள் என்னமா கிண்டல் பண்ணாங்க, முடி மஞ்சளா இருக்கு, உயரம் பத்தல, பாண்ட் மூஞ்சியே இல்லன்னு. படத்தைப் புறக்கணிக்கணும்னு வெப்சைட்டே ஆரம்பிச்சாங்க. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான், முந்தின பாண்ட் பிரோஸ்னன் போனது தாங்கல. ஆனா 2006ல படம் கருப்பு வெள்ளைல ஆரம்பிக்குது, ஒரு கழிவறைல ஒருத்தனை வாஷ்பேசின் தண்ணில அமுக்கி கொல்லப் பார்க்கறார், அழகே இல்ல, மூச்சு வாங்குது, கை நடுங்கற மாதிரி இருக்கு. விழுந்தவன் எழுந்து துப்பாக்கி தூக்கறான், இவர் திரும்பி சுடறார், அங்கேயே அந்த துப்பாக்கிக் குழல் வட்டம் வந்து ரத்தம் வழியுது. நாப்பது வருஷமா படத்துக்கு முன்னாடி தனியா ஒட்டி வெச்சிருந்த அடையாளம், முதல் தடவையா கதைக்குள்ளேயே பிறக்குது. அதோட விடல, தன் பேரை "பாண்ட், ஜேம்ஸ் பாண்ட்"னு அந்த ஸ்டைல்ல சொல்றதை கடைசி ஷாட் வரைக்கும் தரல, அந்த மியூசிக்கையும் முழுசா அங்கதான் விட்டாங்க. நான் சீட்ல இருந்து எழுந்துட்டேன்.

அப்போ இவருக்கு டிரேசி எல்லாம் நடக்கவே இல்ல. இவருக்கு காதலி வெஸ்பர்தான். வேற ஆள், வேற வாழ்க்கை. புது நடிகர்னா புது தொடக்கம் வேணும், பழைய பாரத்தை அவர் தலையில ஏத்தக்கூடாது.

நள்ளிரவு ரயில்:

ஜேம்ஸ் பாண்ட்ங்கறது ஒரு கோட் நேம், 007 மாதிரியே ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் கை மாறுதுன்னு வெச்சுக்கிட்டா எல்லா பிரச்சனையும் முடிஞ்சுது இல்லையா?

பழைய ரீல்:

இல்ல ப்ரோ, அது நிக்காது. ஸ்கைஃபால்ல ஸ்காட்லாந்து வீட்டுப் பக்கத்துல அப்பா அம்மா கல்லறை வருதே, ஆண்ட்ரூ பாண்ட், மோனிக்னு பேர் செதுக்கியிருக்கும். கோட் நேம்னா அப்பாவுக்கும் அதே பேர் எப்படி வந்துச்சு? அதோட மூர் பூ வெக்கற கல்லறைலயும் தெரசா பாண்ட், ஜேம்ஸ் பாண்டோட மனைவின்னுதான் எழுதியிருக்கும்.

மழைக்கோட்டு:

அநியாயம் யாருக்கு நடந்துச்சுன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். பியர்ஸ் பிரோஸ்னன். ரெண்டு தடவை.

முதல் தடவை 1986. மூருக்கு அப்புறம் இவர்தான்னு முடிவே ஆயிடுச்சு. இவர் நடிச்ச ரெமிங்டன் ஸ்டீல் டிவி தொடரை நிறுத்திட்டாங்க, ஆனா ஒப்பந்தப்படி திரும்ப ஆரம்பிக்க சேனலுக்கு கொஞ்ச நாள் உரிமை இருந்துச்சு, பாண்ட்ன்னு பேச்சு அடிபட்டதும் தொடர் மேல திடீர்னு ஜனங்களுக்கு ஆர்வம், கெடு முடியற நேரத்துல தொடரை மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க, பாண்ட் போச்சு. அவர் மனைவி கசான்ட்ரா ஹாரிஸ் ஃபார் யுவர் ஐஸ் ஒன்லில நடிச்சவங்க, அந்த ஷூட்டிங் நேரத்துலதான் தயாரிப்பாளர் ப்ராக்கலி இவரைப் பார்த்தார். 1991ல அவங்க கேன்சர்ல இறந்துட்டாங்க. 1995ல கோல்டன் ஐல புருஷன் பாண்டா நின்னதைப் பார்க்க அவங்க இல்ல. இதை நினைச்சுட்டு அந்த அணைக்கட்டு மேல இருந்து குதிக்கற ஓபனிங்கைப் பாருங்க, வேற மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, 2002 டை அனதர் டே வசூல்ல அதுவரைக்கும் வந்த பாண்ட் படத்துல எல்லாம் முதல் இடம். அடுத்த படத்துக்குப் பேச்சு நடந்துட்டு இருந்துச்சு. பஹாமாஸ்ல வேற ஷூட்டிங்ல இருந்தவருக்கு ஒரு போன் கால், அவ்வளவுதான். நாலு படம் பண்ணி, ஆறு வருஷம் படமே வராம கிடந்த தொடரைத் தூக்கி நிறுத்தினவருக்கு ஒரு வழியனுப்பு சீன் கிடையாது. 1999 படத்துல, பாண்டுக்கு கருவிகள் செஞ்சு தர்ற க்யூவா நடிச்ச டெஸ்மண்ட் லெவலினுக்கு எப்படி கொடுத்தாங்க பாருங்க. பாண்டுக்கு ரெண்டு புத்திமதி சொல்லிட்டு தரைக்குள்ள மெதுவா இறங்கிப் போவார். 1963ல இருந்து 17 படம், அஞ்சு பாண்டோட நடிச்ச மனுஷன். படம் வந்த சில வாரத்துல கார் விபத்துல நிஜமாவே போயிட்டார். எனக்கு இப்பவும் அந்த சீன்ல கண்ணு கலங்கும்.

பழைய ரீல் சொன்னதோட நான் சேர்க்கறது இதுதான். ஆள் மாறினப்போ எல்லாம் நம்மளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது லெவலினும், ஆஃபீஸ் செக்ரட்டரி மணிபென்னியா 14 படம் நடிச்ச லோயிஸ் மேக்ஸ்வெல்லும்தான். அவங்க இவரை ஜேம்ஸ்னு கூப்பிட்டா நாமளும் நம்பினோம்.

ஞாயிறு ஷோ:

அது ஒத்துக்கறேன். கேசினோ ராயல்ல எல்லாத்தையும் அழிச்சுட்டு ஆரம்பிச்சாங்க, ஆனா பாண்டோட மேலதிகாரி "எம்" வேஷத்துல பிரோஸ்னன் காலத்து ஜூடி டென்ச்சை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. கணக்குப்படி தப்பு, ஆனா அவங்க கிரெய்க்கைத் திட்டும்போதுதான் எனக்கு அவர் பாண்டா தெரிஞ்சார்.

டால்டன் கட்சி:

லேட்டா வந்துட்டேன். டால்டன் பேரை கல்யாண சீனுக்கு மட்டும் எடுத்துட்டு விட்டுட்டீங்களே! அநியாயம்னா அவருக்கும்தான். ரெண்டே படம். 1989 கோடைல அமெரிக்காவுல பேட்மேன், இண்டியானா ஜோன்ஸ், லெத்தல் வெப்பன் 2 நடுவுல லைசென்ஸ் டு கில்லை விட்டாங்க, நசுங்கிடுச்சு. அப்புறம் வழக்கு, இழுத்துக்கிட்டே போய் 1994ல அவரே விலகிட்டார். கிரெய்க் பண்ணதை எல்லாம் இவர் பதினேழு வருஷம் முன்னாடியே பண்ணிட்டார், அந்தக் கோபம், அந்த ரத்தம், வேலையை உதறிட்டு நண்பனுக்காகப் போறது. அந்தப் படத்தை மட்டும் தனியா பாருங்க, இது எப்போ எடுத்ததுன்னு கேப்பீங்க.

அடுத்த படத்தைப் பத்தி என் கருத்து. நோ டைம் டு டை பார்க்காதவங்க இதுக்கு மேல படிக்காதீங்க. அங்க பாண்ட் செத்தே போயிட்டார், அதனால எம், க்யூ, மணிபென்னியா நடிச்ச ரேல்ஃப் ஃபைன்ஸ், பென் விஷா, நவோமி ஹாரிஸ் மூணு பேரையும் திரும்பக் கொண்டு வரக்கூடாது. அவருக்காக கிளாஸ் தூக்கி அஞ்சலி செலுத்தினவங்க, அடுத்த வாரம் புது ஆளை ஜேம்ஸ்னு கூப்பிட்டா அந்த சாவுக்கு மரியாதை இல்ல. ஜூடி டென்ச் விஷயம் வேற, பிரோஸ்னன் சாகல. புது ஆளுக்கு வயசு முப்பதுகளோட ஆரம்பமா இருக்கணும், கானரி டாக்டர் நோ நடிச்சப்போ அவ்வளவுதான். மூர் 45 வயசுல ஆரம்பிச்சு 57 வரைக்கும் ஓடினது அவரோட வசீகரத்தால, எல்லாராலயும் முடியாது.

மழைக்கோட்டு:

அப்போ புது பாண்டுக்கு பழைய முகம் ஒண்ணு கூட இல்லாம போயிடும். முதல் தடவையா. அதுதான் எனக்கு பயமா இருக்கு.

இரவுக்காட்சி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல. நேத்து ராத்திரி தம்பிகிட்ட வரிசையை உடைச்சு மூணு சீன் மட்டும் போட்டுக் காட்டினேன். மூர் பேச்சை வெட்டறது, பூ வெக்கறது, ஃபீலிக்ஸ் கல்யாணம். கடைசி சீன்ல டால்டன் முகம் வாடினதும் அவனே ரிமோட்டை வாங்கி நிறுத்திட்டான். "இவருக்குத் தெரியும்ண்ணா"ன்னான்.

அப்புறம் இன்னொண்ணு கண்டுபிடிச்சான், இதை இங்க யாரும் சொல்லல. நோ டைம் டு டைல ஆரம்பத்துல கார்ல போகும்போது கிரெய்க் "நமக்கு எவ்வளவோ நேரம் இருக்கு"ன்னு சொல்ற வார்த்தை, லேசன்பி செத்த டிரேசியை மடியில வெச்சுக்கிட்டு சொன்னதேதான், படம் முடியும்போது ஓடறதும் 1969ல லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பாடின அதே பாட்டு. தியேட்டர்ல பார்த்தப்போ அவனுக்கு அது வெறும் நல்ல பாட்டு. இன்னைக்கு அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கணும்னு அடம் பிடிக்கறான், நான் நடுவுல இருக்கற படமெல்லாம் முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன். அந்த வரிசைல 1983 ஆக்டோபஸியும் இருக்கு, உதய்ப்பூர்ல எடுத்தது, நம்ம விஜய் அமிர்தராஜ் மகுடில பாண்ட் மியூசிக் ஊதுவார்னு சொல்லாம வெச்சிருக்கேன்.