கிணற்று நீரைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். ஊர் மக்கள் முன் அதை எப்படிப் பேசுவது?

கேள்வி: நீர்க்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் கல்லூரியில் படித்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றவள். நம் ஊரில் ஒரு காலத்தில் பி.ஏ. ஆனர்ஸ் என்று வழங்கிய பட்டம் வேறு, இது வேறு. இங்கே ஆனர்ஸ் கல்லூரி என்பது, பெரிய பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே மாணவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, சிறிய வகுப்புகளில் பாடம் நடத்தி, இறுதியாண்டில் ஆய்வேடு ஒன்றையும் எழுதவைக்கும் அமைப்பு. மக்காச்சோளம் விளையும் பகுதிகளில் உள்ள வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில், உரத்திலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட்டின் அளவு பருவத்துக்குப் பருவம் எவ்வாறு மாறுகிறது என்பதே என் ஆய்வேட்டின் பொருள்.

பழைய மாணவர்கள் தாங்கள் கற்றதைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று கல்லூரி கேட்டுக்கொண்டதால், சென்ற வசந்த காலத்தில் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) நூலகம் ஒன்றில் முக்கால் மணி நேரம் பேசினேன். 32 ஸ்லைடுகள் தயாரித்திருந்தேன். இருபது பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பேசி முடித்ததும், பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து என் முன்னால் இருந்த மேசையில் வைத்தார். உள்ளே அவர் வீட்டுத் தண்ணீர். "இதைப் பேத்திக்குப் பால் கலக்கக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். "என்னிடம் உள்ள தரவுகளைக் கொண்டு அதற்குப் பதில் சொல்ல இயலாது" என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் அவர் ஒன்றும் பேசாமல் பாட்டிலை எடுத்து, மூடியை இன்னொரு முறை இறுக்கி, பையில் வைத்துக்கொண்டு போன காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

வரும் அக்டோபரில் மறுபடியும் பேச அழைத்திருக்கிறார்கள். பேராசிரியரும் அல்லாத, அதிகாரியும் அல்லாத ஒருத்தி எந்த எல்லை வரை சொல்லலாம்? எப்படித் தயாராக வேண்டும்?

மறுமொழி: சோதனைக்கூடத்துக்காரர்

சகோதரிக்கு வணக்கம். குடிநீர்ச் சோதனைக்கூடங்களில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தப் பெரியவருக்கு நீங்கள் சொன்ன பதிலில் பிழை இல்லை. பதில் பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். "இயலாது" என்பதற்குப் பிறகு, "இயலக்கூடியவர் யார், அவரிடம் நாளைக் காலையில் எப்படிப் போவது" என்பதையும் சொல்லியிருந்தால் அவர் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் பொது விநியோகக் குழாய்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் வீட்டுக் கிணறு அதன் வரம்புக்குள் வராது. பென்சில்வேனியாவில் ஏறத்தாழ பத்து லட்சம் வீட்டுக் கிணறுகள் உள்ளன. அவற்றின் தண்ணீரைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் தலையில்தான் இருக்கிறது. ஆகவே நூலகத்தில் நீங்கள் சொல்லாமல் விடும் ஒரு செய்தியை, வேறோர் அலுவலகம் அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லப்போவதில்லை.

ஜாம் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் மாசு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிச் சோதனைக்கு அது உதவாது; ஏனென்றால் பாட்டிலில் ஒட்டியிருக்கும் கிருமியும் கணக்கில் சேர்ந்துவிடும். சோதனைக்கூடத்திலிருந்து கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கி, குழாய் முனையில் உள்ள வலையைக் கழற்றிவிட்டு, குளிர்நீரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, 30 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாட்டிலுக்குள் சிறிது வெண்பொடி இருந்தால் அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது குளோரினை முறிப்பதற்காக வைக்கப்பட்ட மருந்து. ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்து காட்ட ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது நைட்ரேட். இங்கேதான் உங்கள் ஆய்வேட்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது. நீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள். கிருமிக்கு அது சரி. நைட்ரேட் விஷயத்தில் நேர்மாறு. நீர் ஆவியாகக் குறையக் குறைய எஞ்சிய நீரில் நைட்ரேட்டின் செறிவு கூடும். பால்மாவு கலக்க நீரைக் காய்ச்சுகிற வீட்டில், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது ஆபத்து. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாயும். அந்தத் தாத்தா கேட்டது இதைத்தான்.

இன்னொன்று, அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். நைட்ரேட்டின் பாதுகாப்பு வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்ட அளவு. முழு நைட்ரேட்டாகவே கணக்கிட்டுத் தரும் கூடங்களின் தாளில் அதே வரம்பு ஏறக்குறைய 45 என்று வரும். இது தெரியாமல் 30 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்கியவர்களும் உண்டு, கலங்க வேண்டிய இடத்தில் கலங்காமல் இருந்தவர்களும் உண்டு. 32 ஸ்லைடுகளில் 28ஐ எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பெயர் மறைத்த ஒரு சோதனை அறிக்கையைத் திரையில் காட்டி, வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள்.

மறுமொழி: பழைய ஏடு

ஓர் ஆய்வேடு மட்டும் எழுதியவர் ஊருக்கு அறிவுரை சொல்லலாமா என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அதற்கு ஆனர்ஸ் முறையின் வரலாற்றிலேயே விடை இருப்பதாக நினைக்கிறேன். 1922இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் அதன் தலைவர் ஃபிராங்க் ஏடலாட் ஆனர்ஸ் படிப்பைத் தொடங்கியபோது, தாம் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டதைப் பின்பற்றி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்: மாணவருக்குத் தேர்வு நடத்துபவர் அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியராக இருக்கக் கூடாது, வெளியிலிருந்து வரும் அறிஞராக இருக்க வேண்டும். அந்த வழக்கம் அங்கே இன்றும் உள்ளது. தன் பாடத்தைத் தனக்கு அறிமுகமில்லாதவர் முன் எடுத்துவைத்து, அவர் எந்தத் திசையிலிருந்து கேட்டாலும் பதில் சொல்வதே அந்தப் பயிற்சியின் உயிர். ஜாம் பாட்டிலோடு வந்த பெரியவரும் உங்களுக்கு வாய்த்த வெளித் தேர்வாளர்தான். அதுவும் கடினமான தேர்வாளர்.

மற்றொரு மரபும் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்றடைய வேண்டும் என்று வற்புறுத்தினார். 1914இல் வந்த ஸ்மித்-லெவர் சட்டத்தின் வழியாக பல்கலைக்கழக அறிவை உழவர்களிடம் கொண்டுசெல்லும் வேளாண் விரிவாக்கப் பணி கவுன்டிதோறும் பரவியது. ஆனர்ஸ் கல்லூரிகள் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் பெருகியது அதற்கும் பின்னால், 1950களின் பிற்பகுதியிலிருந்து. சிறிய வகுப்பு, பாடங்களுக்கு முன்னுரிமைப் பதிவு, தனி வழிகாட்டி என்று ஆனர்ஸ் கல்லூரியில் நமக்குக் கிடைத்த வசதிகளில் அந்த மாநிலத்து மக்களின் வரிப்பணமும் கலந்திருக்கிறது. இந்தக் கடன் பலருக்கு நினைவில் இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். ஆகவே தயங்காமல் பேசுங்கள். "கல்லூரியில் பயின்றவள்" என்று சொல்லிக்கொள்ளலாம். "கல்லூரியின் சார்பில்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மறுமொழி: மிச்சிகன்வாசி

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் இருவருமே அறிவு மேடையிலிருந்து இருக்கைக்கு மட்டும் போவதாக வைத்துப் பேசுகிறார்கள். எங்கள் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் நடந்தது வேறு. 2014 ஏப்ரலில் நகரின் குடிநீர் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதால் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. அதிகாரிகள் தண்ணீர் நல்லதென்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, 300 மாதிரிப் பெட்டிகளை அனுப்பியது. குழாயைத் திறந்து பாட்டிலை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள் அந்த ஊர் மக்களே. அவர்கள் இல்லாமல் அந்த ஆய்வே இல்லை.

உங்கள் பெரியவரிடம் கிணற்றின் ஆழம் எத்தனை அடி, எந்த ஆண்டு தோண்டியது, சோளக்கொல்லை எவ்வளவு தூரம், எந்த மாதத்தில் உரம் போடுகிறார்கள் என்று கேட்டிருந்தால், உங்கள் ஆய்வேட்டில் இல்லாத ஒரு வரி கிடைத்திருக்கும்.

மறுமொழி: நீர்க்குறிப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்லைடுகளை நான்காகக் குறைத்துவிட்டேன். அவற்றில் ஒன்று சோதனை அறிக்கை. அருகில் உள்ள சான்று பெற்ற கூடம் ஒன்று, கூட்டத்தில் கொடுக்கக் கிருமி நீக்கிய பாட்டில்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சோதனைக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அங்கேயே வெளிப்படையாகச் சொல்லப்போகிறேன். பேச்சை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் ஒவ்வொருவரிடமும் அவர் கிணற்றின் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதாகத் திட்டம்.

நூலகத்துக்கு நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். அந்தப் பெரியவர் செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் செய்தித்தாள் படிக்க வருவாராம். அக்டோபர் வரை காத்திருக்க மனம் இல்லை. அடுத்த செவ்வாய் ஒரு பாட்டிலோடு போய், கொதிக்கவைப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு, கிணறு எத்தனை அடி ஆழம் என்று கேட்கப்போகிறேன்.